மணி அடிக்காத வாரம்

அத்தியாயம் 14

விசிட்டிங் கார்டில் பற்றிய தீ, இந்த வாரம் லெட்டர்பேடுக்குத் தாவிவிட்டது.

விடாமல் படித்து வருகிறவர்களுக்குக் கதை தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பேக்கரிகளுக்கு அடுப்பு செய்து கொடுத்து, கெட்டால் போய்ச் சரிசெய்துவிட்டு வரும் குடும்பம் அது. கம்பெனி மாமனாருடையது. கைவேலை மூத்த மகனுடையது. வாய்வேலை முழுக்க மூத்த மருமகளுடையது. இளைய மகன் வெளியூரில் நிர்வாகம் படித்துவிட்டு மூன்று மாதத்துக்கு முன் திரும்பி வந்தான். வந்த முதல் வாரமே, கம்பெனி பார்ப்பதற்குக் கம்பெனி மாதிரியே இல்லை என்று கண்டுபிடித்தான்.

அவன் சொன்னதிலும் தப்பில்லை. பழைய லெட்டர்பேடில் ஐந்து போன் எண்கள் இருந்தன. வரவேற்பு, விற்பனை, சர்வீஸ், கணக்கு, புகார். ஐந்து டிபார்ட்மெண்ட். படிக்கிறவர்கள் பெரிய கட்டடம், லிஃப்ட், வரிசையாகக் கண்ணாடி அறைகள் என்று கற்பனை செய்துகொள்வார்கள். உண்மையில் அந்த ஐந்து போன்களும் ஒரே மேசையில், மூத்த மருமகள் முன்னால், கலர் டேப் ஒட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தன.

இது மாமனாரின் மூளை. பதினேழு வருஷத்துக்கு முன், அவள் கல்யாணமாகி வந்த புதிதில், யாரோ ஒரு வாடிக்கையாளர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே நம்பர்தானா என்று இளக்காரமாகச் சிரித்துவிட்டார். மாமனாருக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே நாலு லைன் வாங்கிவந்து மருமகள் முன்னால் வைத்தார். மூன்றாவது மணிக்குள் எடுக்க வேண்டும், எந்த போனை எடுக்கிறாளோ அந்த டிபார்ட்மெண்டாகப் பேச வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

அவளும் பேசினாள். வரவேற்புக்குத் தேன் ஒழுகும் குரல். விற்பனைக்குப் படபடவென்று ஒரு குரல். சர்வீசுக்குக் கறாராக, கணக்குக்கு அதைவிடக் கறாராக. புகாருக்கு மட்டும் மெத்தென்று, பிள்ளைக்கு ஜுரம் வந்தால் பேசுகிற மாதிரி. சில நாள் இரண்டு போனை இரண்டு காதில் வைத்துக்கொண்டு, 'கணக்கைக் கேட்டுச் சொல்கிறேன்' என்று தன்னிடமே தான் கேட்டுச் சொல்லியிருக்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பல வருஷ வாடிக்கையான, பதினோரு ரொட்டித் தொழிற்சாலை வைத்திருக்கும் பெரிய கம்பெனி ஒன்று, அத்தனை அடுப்புகளின் பராமரிப்பையும் இவர்களிடமே ஐந்து வருஷத்துக்குத் தரத் தயாராக இருந்தது. கேட்டது ஒரே ஒரு பக்கம். எதற்கு யாரைக் கூப்பிடுவது, அவர் பெயர், பொறுப்பு, நேரடி எண், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார். கொழுந்தன் அந்தப் பக்கத்தை அழகாகத் தயாரித்தான். அப்பா, அண்ணன், தான் என்று மூன்று பேரையும் பெரிய பெரிய பதவிகளோடு போட்டான். நாலாவது வரியில் 'வாடிக்கையாளர் சேவைக் குழு' என்று மட்டும் இருந்தது.

போன சனிக்கிழமை அவள் அதைப் பார்த்துவிட்டு, அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். நீங்கதான் அண்ணி, குழு என்று போட்டால்தான் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் என்றான் கொழுந்தன். மாமனார் மேசையை ஓங்கித் தட்டி, "அவ பேரைப் போடுடா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். பதினேழு வருஷத்துக்கு அது போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த அழுகையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

வெள்ளிக்கிழமை காலை. அவள் கணவர் வாசலில் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவள் டிபன்பாக்ஸை நீட்டிக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னாள், இந்த வாரம் ஊரில் ஒரு அடுப்பும் கெடவில்லை, திங்கட்கிழமையிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை, கண் பட்டுவிடப் போகிறது என்று.

அவர் நிமிரவில்லை. "நல்லதுதானே" என்றார் கயிற்றைப் பார்த்து.

மனுஷன் எப்போதும் அப்படித்தான். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அது அவருக்குத் திருவிழா. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆபீஸ் என்பது வீட்டுக்குக் கீழ்த்தளம். பின்னால் பட்டறை, முன்னால் அவள் மேசை, ஓரமாகக் கொழுந்தனுக்குப் புதிதாகத் தடுத்த கண்ணாடி அறை, ஜன்னல் பக்கம் மாமனாரின் நாற்காலி. அவள் மேசையைத் துடைத்தாள். ஐந்து போன்களையும் துடைத்தாள். அந்த மௌனம் முதல் நாள் சுகமாக இருந்தது, இரண்டாம் நாள் உறுத்தியது. புதன்கிழமை ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். ங்ங்ங் என்று உயிரோடுதான் இருந்தன.

பதினோரு மணிக்கு மாமனார் வழக்கம்போல ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். பேசிப் பேசித் தொண்டை காயும் என்று பல வருஷமாக அவர் கையாலேயே கொண்டுவருவார். இன்றைக்கு வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் போய் உட்கார்ந்தார்.

ரொட்டிக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். ஐம்பதை நெருங்கும் அம்மாள், இதுவரை போனில் மட்டுமே பேசியவர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரே ஒரு பேனா. நாற்காலியில் உட்கார்ந்ததும் வாசலையும் பட்டறையையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மற்றவர்கள் எல்லாம் எந்த மாடியில் இருக்கிறார்கள் என்று கேட்டார். கொழுந்தன் இருமினான்.

புதுப் பக்கம் மேசைக்கு வந்தது. நல்ல கனமான காகிதம். பெயர்கள் தடித்த எழுத்தில், எண்கள் இடைவெளி விட்டு நேர்வரிசையில், கீழே புது மெயில் முகவரி. நாலாவது வரியில் இன்னும் 'குழு'தான் இருந்தது, எதிரே பழைய ஐந்து எண்களும். அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி அம்மாள் பக்கத்தைப் பாராட்டினார். பிறகு கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. காகிதத்துல இருக்கற நம்பர் பேசுதான்னு பாக்காம நான் கையெழுத்து போடறதில்லை. ஒரு தடவை சூடு பட்டிருக்கேன்."

சர்வீஸ் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

அவள் கை தன்னால் பச்சை டேப் போன் பக்கம் போனது. பதினேழு வருஷப் பழக்கம், மணி அடிக்கும் முன்பே கை போய்விடும். பச்சை போன் அடிக்கவில்லை. அதிகாரியின் செல்போனில் மட்டும் மணி போய்க்கொண்டிருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு யாரோ ஒரு பெண் பேசினாள்.

"வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம். உங்கள் பெயர், நிறுவனம், தொடர்பு எண் ஆகியவற்றைத் தெளிவாகக் கூறவும்."

அந்தக் குரல் அவளுடையது இல்லை. அவளுடைய ஐந்தில் எதுவும் இல்லை.

அதிகாரி அடுத்த எண்ணை அழுத்தினார். மேசையில் சிவப்பு போன் கல்லாக உட்கார்ந்திருந்தது. அதே பெண், அதே வணக்கம். அடுத்தது, அதற்கடுத்தது, கடைசியாகப் புகார். ஐந்துக்கும் ஒரே பதில். ஐந்து போன்களும் ஐந்து பிணம் மாதிரிக் கிடந்தன.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

கொழுந்தன் எழுந்துவிட்டான். "திங்கட்கிழமைலேர்ந்து, அண்ணி. உங்களுக்குத் தெரியும்னுல்ல நான்..." என்று ஆரம்பித்து, அப்பாவின் பக்கம் திரும்பினான். அப்பா திரும்பவில்லை.

அதற்குள் அதிகாரி அம்மாள் குறுக்கிட்டார். ஐந்து நாளாக இந்த மெஷின்தான் பேசுகிறதென்றால், பேசியவர்கள் சொன்னதை யார் கேட்டார்கள் என்றார். கேள்வி நியாயமானது. கொழுந்தன் நம்பிக்கையாகச் சொன்னான், ஒவ்வொரு செய்தியும் உடனே புது மெயிலுக்கு வந்துவிடும், இதுவரை ஒன்றும் வரவில்லை, ஆகவே யாரும் கூப்பிடவில்லை என்று. எந்த மெயில் என்று கேட்டார் அதிகாரி. அதோ லெட்டர்பேடில் அச்சடித்திருக்கிறதே, அது. அந்த முகவரியில் மெயில் கணக்குத் தொடங்கியாகிவிட்டதா என்று கேட்டார். வருகிற திங்கட்கிழமைதான் தொடங்குவார்கள் என்று சொல்லும்போதே கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை.

ஆழம் தெரியாமல் காலை விட்டவன் கதைதான். வீட்டு நம்பரைப் பலகையில் பெரிதாக எழுதிவிட்டான், வீட்டைக் கட்டத்தான் மறந்துவிட்டான்.

லேப்டாப் வந்தது. மெஷின் செய்திகளைச் சேர்த்துவைக்கும் பக்கம் திறந்தது. மேலே சிவப்பு வட்டத்துக்குள் ஒரு எண். முப்பத்தொன்று.

முப்பத்தொரு பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் இங்கே போனைத் துடைத்துக்கொண்டு, கண் பட்டுவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

முதல் செய்தி. "நான்தான்மா. அந்த டைமர் மறுபடி வேலையைக் காட்டுது. சொல்லுங்க." அவ்வளவுதான்.

இரண்டாவது. "நான்தான். என்னம்மா குரலே மாறிப்போச்சு, ஜலதோஷமா? சரி, கதவு ரப்பர் கிழிஞ்சிருக்கு."

மூன்றாவது ஆள் மெஷினோடு சண்டைக்கே போனார். "யாரும்மா நீ புதுசா? போனை அம்மாகிட்ட குடு. நான்தான்னு சொல்லு."

ஒருவரும் பெயர் சொல்லவில்லை. ஒருவரும் எண் சொல்லவில்லை. பெயர், நிறுவனம், தொடர்பு எண் என்று மெஷின் மரியாதையாகக் கேட்கக் கேட்க, ஊரில் உள்ள பேக்கரிக்காரர்கள் எல்லாம் 'நான்தான்மா' என்றே சொல்லிவைத்திருந்தார்கள். பதினேழு வருஷமாக அது போதுமாக இருந்தது. குரலைக் கேட்டதும் அவள் கடையைச் சொல்வாள், அடுப்பைச் சொல்வாள், போன தடவை என்ன கெட்டது என்பதையும் சொல்வாள்.

கொழுந்தன் பேனாவும் கையுமாக உட்கார்ந்து, எதை எழுதுவது என்று தெரியாமல் விழித்தான். அவள் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூட வாசல் கடை. மேம்பாலத்துக் கீழே. பஸ் ஸ்டாண்ட் கேக் கடைக்காரரின் தம்பி.

ஒன்பதாவது செய்தி ஒரு இருமலோடு ஆரம்பித்தது.

"நான்தான்மா. கீழ்த்தட்டு பர்னர் ஒரு மாதிரி மஞ்சளா எரியுது. கேஸ் வாசனையும் லேசா வருது. அவசரம் இல்லை, ஒரு நடை வந்து பாக்கச் சொல்லுங்க." செவ்வாய்க்கிழமை, மாலை நாலேகால்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அடுத்ததெல்லாம் வேகமா ஓட்டு. இந்த இருமல் வர்றதை மட்டும் நிறுத்து."

பதினேழாவது. புதன்கிழமை. "நான்தான்மா. நேத்து சொன்னேனே. இன்னிக்கு வாசனை ஜாஸ்தியா இருக்கு. ஆள் வரலையே."

இருபத்தாறாவது. வியாழன் சாயங்காலம். இப்போது குரலில் மனஸ்தாபம் இருந்தது. "என்னம்மா, மெஷினே பேசிட்டிருக்கு. நீங்க இப்படிப் பண்ணமாட்டீங்களே. பரவால்லை. நாளைக்குச் சாயந்தரம் பெரிய ஆர்டர் இருக்கு. காலைக் கூட்டம் போனப்புறம், பதினொண்ணரை வாக்குல, மச்சானை வெச்சு நானே கழட்டிப் பாத்துடறேன்."

எல்லோர் கண்ணும் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. பதினொன்று இருபத்தாறு.

கொழுந்தன் பேனாவைக் கீழே போட்டான். "பேரே சொல்லலையே அண்ணி. நம்பரும் தெரியலை. லைனைத் திருப்பிவிட்டதால மெஷின்ல எல்லாம் நம்ம நம்பராத்தான் காட்டுது. யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அந்த இருமலுக்குப் பின்னால் மாவு பிசையும் மெஷின் ஒன்று கடக், கடக், ஒரு இழுப்பு, மறுபடி கடக் என்று ஓடிக்கொண்டிருந்ததை அவருடைய முதல் செய்தியிலேயே அவள் காது பிடித்துவிட்டது. அதன் கை வளைந்து நாலு வருஷம் ஆகிறது. மாற்றச் சொல்லி அவளே பத்துத் தடவை நச்சரித்திருக்கிறாள். தபால் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் இரட்டைக் கதவு பேக்கரி.

இழுப்பறையிலிருந்து அவளுடைய நோட்டை எடுத்தாள். அட்டை கிழிந்து, முதுகில் பிளாஸ்திரி ஒட்டிய நோட்டு. கொழுந்தன் இதைப் பார்த்துத்தான் முதல் வாரம் சிரித்தான். பக்கத்துக்கு ஒரு கடை. யார், எங்கே, எந்த அடுப்பு, என்ன எண். எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒரு வரி, 'எடுக்கலைன்னா' என்று போட்டு இன்னொரு எண்.

பச்சை போனிலிருந்தே கூப்பிட்டாள். வெளியே போகிற போன் மட்டும் நன்றாகப் போனது. பேக்கரியில் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள், இரண்டு பேரும் அடுப்புக்கடியில் தலையை விட்டிருப்பார்கள்.

விரல் கடைசி வரிக்கு இறங்கியது. எடுக்கலைன்னா, பக்கத்துத் தையல் கடை.

தையல்காரர் முதல் மணியிலேயே எடுத்தார். அவள் அந்த ஐந்து குரலில் எதிலும் பேசவில்லை. அவள் சொன்னதை அதிகாரி அம்மாள் பிற்பாடு தன் கம்பெனியில் அப்படியே ஒப்பிக்கப் போகிறார். அவ்வளவு தெளிவாக இருந்தது.

"அண்ணே, அடுப்புக் கம்பெனிலேர்ந்து பேசறேன். பக்கத்து பேக்கரிக்கு ஓடுங்க. அடுப்பைக் கழட்ட வேணாம்னு கத்துங்க. லைட்டு, ஃபேன், எதையும் போடவும் வேணாம், அணைக்கவும் வேணாம். எல்லாரையும் தெருவுக்குக் கூட்டிட்டு வாங்க. பின்பக்கம் சந்துல சிலிண்டர் இருக்கு, அது வால்வை வலதுபக்கமா இறுக்கி மூடுங்க. போனைக் கீழ வெக்காதீங்க, அப்படியே விட்டுட்டு ஓடுங்க."

தையல் மெஷின் சத்தம் நின்றது. ஏதோ விழுந்தது. செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. பிறகு ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லையை நான்கு நிமிஷம் நான்கு பேர் கேட்டார்கள். ஒருவர் மூச்சு இன்னொருவருக்குக் கேட்டது. கொழுந்தன் நெற்றியை மேசைமேல் வைத்துவிட்டான். மாமனார் எழுந்து வந்து நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுக்கு அந்தக் கடையின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. அவள் அந்தக் கடையை ஒரு தரம்கூட நேரில் பார்த்ததில்லை. அந்த முகங்களை எல்லாம் குரலை வைத்து அவளாகவே வரைந்து வைத்திருந்தாள்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"மூடியாச்சும்மா" என்றார் தையல்காரர், மூச்சிரைக்க. மச்சான் ஸ்பேனரைப் போட்டு நட்டைத் திருக ஆரம்பித்திருந்தாராம். உள்ளே வாசனை ஆளைத் தள்ளியதாம். மேல் அடுக்கில் தீ எரிந்து பன் வெந்துகொண்டிருந்ததாம், அதை யாரும் யோசிக்கவே இல்லையாம். இப்போது எல்லோரும் தெருவில் நிற்கிறார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

பின்னால் யாரோ போனை வாங்கினார்கள். ஒரு இருமல் கேட்டது.

"நான்தான்மா."

அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது. அவளுக்கு அதுவும் முடியவில்லை. போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை குழாயைத் திறந்துவிட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. அதிகாரி அம்மாள்தான் வெந்நீர் டம்ளரை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

கொஞ்சம் நிதானம் வந்ததும் கணவரை செல்போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். உடனே இரட்டைக் கதவுக்குப் போய் அந்த பர்னரைப் பாருங்கள் என்றாள். மறுமுனையில் ரொம்ப நேரம் சத்தமில்லை. பிறகு, "போறேன்" என்றார். ஏன், எப்படி என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அதிகாரி அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை அவள் முகத்திலிருந்து ஐந்து போன்களுக்குப் போனது. பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. ஒன்று ஒன்றாக எண்ணுவது தெரிந்தது.

"வரவேற்பு?" என்று கேட்டார் மெதுவாக.

அவள் தலையாட்டினாள்.

"கணக்கு அம்மாவும் நீங்கதானா?"

அதற்கும் தலையாட்டினாள். பொய் வெளிப்பட்டுவிட்டது, ஒப்பந்தம் போயிற்று என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. அந்த நிலைமையிலும் கன்னம் சூடானது.

அதிகாரி அம்மாள் பேய் அறைந்த மாதிரி நாற்காலியில் சாய்ந்தார். "ஒன்பது வருஷமா இந்த ஆபீஸ்ல அஞ்சு பொம்பளைங்க இருக்காங்கன்னு நெனச்சிட்டிருக்கேன். கணக்கு அம்மா ரொம்ப முரடுன்னு புகார் அம்மாகிட்ட புகார் வேற சொல்லியிருக்கேன். நான் பேசி வெக்கறேன்னு சொன்னீங்களே."

பேசி வைத்தேன், அதற்கப்புறம் கணக்கு அம்மா கொஞ்சம் திருந்தியிருப்பாரே என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்து முடித்ததும் முகம் மாறியது. அந்தக் கனமான காகிதத்தை எடுத்து, நாலாவது வரிமேல் பேனாவை வைத்து ஒரே இழுப்பில் அடித்தார். கொழுந்தன் பக்கம் காகிதத்தைத் தள்ளினார்.

"பாக்க அழகா இருக்கு சார். ஆனா கூப்பிட்டா யார் எடுப்பாங்களோ அவங்க இதுல இல்லை. அவங்க எடுக்கலைன்னா யாருங்கறதும் இல்லை. அந்தக் கிழிஞ்ச நோட்டுல ரெண்டும் இருக்கு. திங்கட்கிழமைக்குள்ள வேற பக்கம் அனுப்புங்க. இந்த அஞ்சு போனும் எங்க அடிக்குதுன்னு பாத்துட்டுத்தான் நான் பேசுவேன்."

செருப்பு மாட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது அவள் தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார்.

அவர் போனதும் அவள் முதலில் செய்தது, டெலிபோன் கம்பெனியைக் கூப்பிட்டது. லைன்களை உடனே பழையபடி மாற்றுங்கள் என்றாள். அங்கே இருந்த பையன் பணிவாக, எண்கள் பெரியவர் பேரில் இருக்கின்றன, அவர் கைப்பட ஒரு கடிதம் வேண்டும், போன தடவை கொடுத்த மாதிரியே என்றான்.

போன தடவை கொடுத்த மாதிரி.

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். வயசான மனுஷனிடம் எதையோ நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டாயா என்று கேட்டாள். கொழுந்தனை அவள் இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை திட்டியதில்லை, இன்றைக்குத் திட்டினாள். அவன் கண்ணாடி அறைக்குள் போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து பிரித்து வைத்தான்.

"நான் சேல்ஸ் நம்பர் ஒண்ணைத்தான் அண்ணி கேட்டேன். அஞ்சையும் எழுதிக் குடுத்தது நான் இல்லை. எழுதிக் குடுத்தவங்களே உங்ககிட்ட சொல்லியாச்சுன்னும் சொன்னாங்க. நீங்க தினம் வந்து மேசையில உக்காந்திருக்கறதைப் பார்த்து, ஏதோ ஃபைல் ஒழுங்குபண்றீங்கன்னு நெனச்சேன்."

டெலிபோன் கம்பெனிக்குக் கொடுத்த கடிதத்தின் நகல், முழுக்க மாமனாரின் கையெழுத்து. நுணுக்கி நுணுக்கி எழுதும் அந்த எழுத்து அவளுக்குத் தன் எழுத்தைவிடப் பழக்கம். கீழ்க்கண்ட ஐந்து எண்களையும் திங்கள் முதல் புது எண்ணுக்குத் திருப்பிவிடவும். அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, ஒரு வரி. 'இவை இனி அந்த மேசையில் ஒலிக்க வேண்டாம்.'

தேதியைப் பார்த்தாள். போன வெள்ளிக்கிழமை. அவர் மேசையைத் தட்டி 'அவ பேரைப் போடுடா' என்று சொன்னது அதற்கு மறுநாள். அவள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதபோது இந்தக் கடிதம் ஏற்கனவே எழுதி முடிந்திருக்கிறது.

கொழுந்தன் செய்திருந்தால் அவளுக்குக் கோபம்தான் வந்திருக்கும். இது கோபம் இல்லை. நின்ற தரை நழுவியது.

"மாமா. இது நீங்க தெரிஞ்சு எழுதினதா?"

மாமனார் டம்ளரை எடுத்தார். அது காலியாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரிஞ்சுதாம்மா எழுதினேன். இப்படி ஆகும்னு தெரியாது. ஆனா தெரிஞ்சுதான் எழுதினேன்."

"ஏன் மாமா?"

அவர் காலி டம்ளரை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"உன் புருஷனைக் கேளு."

காலையில் குனிந்த தலை ஞாபகம் வந்தது. பூட்ஸ் கயிறு. நல்லதுதானே என்ற ஒற்றை வார்த்தை. சற்று முன் போனில் இருந்த அந்த நீளமான மௌனம். அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்து நாளாக, அவள் ஊமை போன்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

செல்போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள். மணி போனது. ஒன்று. இரண்டு. மூன்றாவது மணிக்குள் எடுக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்த சட்டம். நான்காவது போனது. ஐந்தாவது போனது. அடித்து அடித்து, தானாகவே நின்றது.

மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

நோட்டு மேசையில் விரித்தபடியே கிடந்தது. ஊரில் இருநூற்றுச் சொச்சம் பேருக்கு, எடுக்கலைன்னா யார் என்று அவள் எழுதி வைத்திருந்தாள். அவருக்கு எழுதவில்லை.